வலது ஓரத்துக்கு நாலாவது ஆள்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுப் போனது. ஆறு பேருக்கும் ஒரே பானையிலிருந்துதான் போட்டேன். ஒருவரையும் அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்க விடவில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். இந்தக் கொப்பியில் ஒரு பக்கம் நிரப்ப எனக்கு ஒரு பகல் போகிறது. போகட்டும். நான் எழுத வந்தது என் பிள்ளைகளைப் பற்றி அல்ல. என் கடைசி மகனுக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்த கோச்சைப் பற்றி. போன மாதம் மெல்பேர்னில், மல்கிரேவில் இருக்கும் தன் மகளின் வீட்டில், அவர் கண்ணை மூடிவிட்டார்.

அவர் டொங்கா தீவில் பிறந்தவர். வாசலில் வந்து நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் குறையும், அவ்வளவு பெரிய ஆள். குரல் மட்டும் மெதுவானது. பகலில் லொறிச் சக்கரங்களுக்கு ரயர் மாற்றுகிற வேலை. வேலை முடிந்து, விரல் இடுக்கில் இருந்த கறுப்பு போகாமலே நேரே மைதானத்துக்கு வந்துவிடுவார். எங்கள் டூங்கபி வீட்டுக்குக் கிட்ட, நார்த்மீட் பக்கம் ஒரு பூங்கா. அதன் பின்பக்கப் புல்தரையில் செவ்வாயும் வியாழனும் பயிற்சி. இந்த நாட்டில் புட்போல் என்று நாலைந்து விளையாட்டு இருக்கிறது. அவற்றில் ஒருவரும் திரும்பிப் பார்க்காத ஒன்றைத்தான் என் மகன் தேடிப் பிடித்தான். தலைக்கவசம் போட்டு, தோளில் பலகை போல எதையோ கட்டிக்கொண்டு ஆடுகிற அமெரிக்கக்காரரின் விளையாட்டு. சனிக்கிழமைகளில் பார்க்க வருகிறவர்களை விட விளையாடுகிறவர்கள்தான் கூட. எல்லாரும் வேலை வெட்டி உள்ள ஆம்பிளைகள். என் மகனுக்கு அப்போது முப்பத்தொரு வயது, மடியில் ஒரு பெண்குழந்தையும் இருந்தது.

வியாழக்கிழமைகளில் அவன் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், திரும்பும் வழியில் "அரை மணித்தியாலம் இருங்கோ அம்மா, முடிச்சிட்டு வாறன்" என்று மைதானத்தில் இறக்குவான். அரை மணித்தியாலம் இரண்டாகும். நான் மடக்குக் கதிரையில் போர்வையோடு இருந்து பார்ப்பேன். சும்மா போய் இருக்க எனக்கு வராது. ஒரு வாளி நிறையத் தட்டை வடை சுட்டுக் கொண்டு போவேன். முதல் நாள் கோச் ஒன்றை முழுதாக வாயில் போட்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வந்தது. "குட், அம்மா, வெரி குட்" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவதையும் எடுத்தார். அம்மா என்ற சொல்லை என் மகனிடமிருந்து பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு என்னை வேறு பெயரால் அவர் அழைத்ததில்லை.

அவருடைய வான் வண்டியின் பின்கதவைத் திறந்தால் உள்ளே ஒரு வெள்ளைப் பலகை நிற்கும். அதில் காந்தத்தில் எழுதிய பெயர்கள். எந்த இடத்தில் யார் நிற்பது, அவனுக்கு ஏதும் நடந்தால் அடுத்து யார், அதற்கும் அடுத்து யார் என்று ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டி வைத்திருப்பார். சில இடங்களுக்குக் கீழே ஆறு ஏழு பெயர் தொங்கும். என் மகன் நின்ற இடத்துக்கு மட்டும் நாலு. அந்த இடத்துக்குப் பெயர் அவுட்சைட் லைன்பேக்கர், வலது பக்கம். அப்படியென்றால் என்ன என்று நான் கேட்டேன். கோச் புல்லில் முழங்காலில் இருந்து, என் வடைகளை வரிசையாக அடுக்கி விளங்கப்படுத்தினார். நடுவில் நிற்கிறவர்கள் வருகிறவனை இடித்துத் தள்ள வேண்டும். ஓரத்தில் நிற்கிறவன் ஆளை விழுத்தாவிட்டாலும் பரவாயில்லை, தன்னைச் சுற்றிக்கொண்டு ஒருவனையும் போக விடக்கூடாது. அவன் அசைந்தால் முழுப் பக்கமும் திறந்துவிடும். நான் உடனே சொன்னேன், "அட, இது வேலியில மூலைக் கதியால்." மகன் சிரித்துச் சிரித்து அதை ஆங்கிலத்தில் சொன்னான். மூலையில் நடுகிற மரம் உறுதியாக நின்றால்தான் மற்றதெல்லாம் நிற்கும் என்று. கோச் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அடுத்த வியாழன் மைதானத்தின் நடுவில் நின்று, "கடியால்! ஹோல்ட், கடியால்!" என்று என் மகனைப் பார்த்துக் கத்தினார். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. என் வாயிலிருந்து வந்த சொல்லை இவ்வளவு பெரிய மனிதர் தூக்கி வைத்துக்கொண்டாரே என்று.

அந்த நாலு பெயரையும் எனக்குத் தெரியும். முதலாவது ஒரு சுவர் பூசுகிற பொடியன், நல்ல கெட்டிக்காரன். சுரங்க வேலை கிடைத்துப் பேர்த் பக்கம் போய்விட்டான். அவன் போன பிறகு இரண்டாவதாக இருந்த என் மகன் மேலே வந்தான். மூன்றாவது பல்கலைக்கழகத்தில் படிக்கிற பொடியன், அவனுக்குத் தோள்மூட்டு விலகி ஒரு கை கட்டுப்போட்டுத் தொங்கியது. நாலாவது கோச்சே. ஒரு காலத்தில் அந்த இடத்தில்தான் அவரும் விளையாடினவராம். நாற்பத்தாறு வயதில் பகிடிக்குத் தன் பெயரையும் அடியில் ஒட்டி வைத்திருந்தார். "நீங்கள் எல்லாரும் கைவிட்டால் இந்தக் கிழவன் வருவான்" என்று சொல்லிச் சிரிப்பார். பலகையில் இல்லாத ஐந்தாவது ஆள் ஒருவரும் இருந்தார், பஸ் ஓட்டுகிறவர். விளையாட்டை விட்டுவிட்டார், ஆனால் ஒரு நாள் முந்திச் சொன்னால் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வந்து நிற்பார். ஒரு நாள் முந்திச் சொல்ல வேண்டும். இது நான் பிறகு அறிந்ததல்ல, முதலே அறிந்தது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கோச்சிடம் ஒரு வழக்கம் இருந்தது. அணியில் ஒருவன் வீட்டில் துக்கம் என்றால் முழு அணியையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவார். பிளாக்டவுனில் ஒரு பொடியனின் தாய் செத்தபோது நானும் மகனோடு போனேன். முப்பது ஆம்பிளைகள் முற்றத்தில் நின்றார்கள். கோச் கறுப்பு உடுத்தி, இடுப்பில் ஒரு பாயைச் சுற்றிக் கட்டியிருந்தார்; அவர்கள் நாட்டில் அதுதான் செத்தவருக்குக் கொடுக்கிற மரியாதையாம். பிறகு பாடினார்கள். தேவாரம் போல ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பின்னால் போகிற பாட்டு அல்ல. எல்லாரும் ஒரே மூச்சில், நாலு விதமான குரலில். மூன்று வீட்டுக்கு அப்பால் இருந்தவர்கள் வெளியே வந்து நின்று கேட்டார்கள். அந்தத் தாயை எனக்குத் தெரியாது, நானும் அழுதேன்.

அந்த வருடம் என் கணவருக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்தார்கள். வீட்டுக்கு வந்து மூன்று கிழமை. பிள்ளைகளும் நானும் பேசி வைத்திருந்தோம், அதிர்ச்சியான கதை ஒன்றும் அவர் காதில் விழக்கூடாது என்று. அப்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை விடியப் போன் வந்தது. யாழ்ப்பாணத்தில் என் கணவரின் தம்பி மாரடைப்பில் போய்விட்டார். சனிக்கிழமை எடுக்கிறார்கள்.

எங்கள் ஆட்களுக்குள் இது புதிதல்ல. நோயில் கிடக்கிற வருத்தக்காரருக்குச் சாவுச் செய்தி சொல்லமாட்டோம். ஒளிப்போம். தாய் செத்தது தெரியாமல் ஆறு மாதம் இருந்தவர்களை எனக்குத் தெரியும். நான் குசினிக்குள் மகனைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். சனிக்கிழமை பின்னேரம் செத்தவீட்டைப் போனில் காட்டுவார்கள், வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, காரில் வைத்துப் பார்ப்போம், நீ என்னோடு இருக்க வேண்டும் என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது. சித்தப்பனுக்காகவும்தான். இன்னொன்றுக்காகவும்.

"அம்மா, நாளைக்கு மூண்டு மணிக்கு மெட்ச். வலது பக்கத்துக்கு என்னை விட்டா ஆளில்லை."

"கீழ ஆக்கள் இருக்கினம்தானே, பலகையில?"

"ஒருத்தன் பேர்த்தில. ஒருத்தன் கைக்கட்டோட."

"நாலாவது?"

"நாலாவது கோச் அம்மா. அது பகிடிக்கு வச்சிருக்கிறது."

"பஸ்காரர் இருக்கிறார்தானே. கோச் தன்ர வேலையைப் பார்ப்பார். உன்னைக் கைக்குழந்தையில தோளில காவிக்கொண்டு, குண்டு விழ விழ நடந்த மனிசன் அங்க பெட்டிக்குள்ள கிடக்கிறார். நீ இஞ்ச பந்துக்குப் பின்னால ஓடப்போறியோ?"

அப்படிக் கேட்டால் எந்தப் பிள்ளை மறுத்துக் கதைக்கும்? "சரி, நான் கோச்சுக்குப் போன் பண்ணிச் சொல்லுறன்" என்றான். நான் விடவில்லை. அவன் உள்ளதைச் சொல்லுவான். உள்ளதைச் சொன்னால் கோச் இடுப்பில் பாயைக் கட்டிக்கொண்டு முப்பது பேரோடு எங்கள் டூங்கபி வீட்டு வாசலில் வந்து நின்று பாடத் தொடங்குவார். உள்ளே படுத்திருக்கிற மனிதருக்கு நெஞ்சில் போட்ட தையல் இன்னும் காயவில்லை.

"நான் சொல்லுறன். நீ வேலைக்குப் போ" என்றேன்.

"நீங்களோ?"

"ஏன், எனக்கு வாயில்லையோ? அவர் என்னோட கதைக்கிறவர்தானே."

"செத்தவீடு எண்டு சொல்லுங்கோ. அப்பாவுக்குத் தெரியாது, வீட்டை வரவேண்டாம் எண்டும் சொல்லுங்கோ. வடிவாச் சொல்லுவீங்களோ?"

"ஓம், போ."

பகல் பன்னிரண்டு மணிக்கு, கணவர் நித்திரையான பிறகு, பின்வளவில் உடுப்புக் கொடிக்குக் கீழே நின்று கோச்சுக்குப் போன் எடுத்தேன். எடுக்க முதல் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். என் கணவரின் தம்பி இறந்துவிட்டார், கணவருக்கு அது தெரியாது, தயவு செய்து வரவேண்டாம். தமிழில் ஒரு மூச்சு. ஆங்கிலத்தில் எனக்கு அந்த அளவு சொல் இல்லை. வேலைக்குப் போன மகனைத் திருப்பிக் கூப்பிட்டு, எனக்கு ஏலாது, நீயே சொல்லு என்று சொல்லியிருக்கலாம். ஆறு பேரை வளர்த்தவளுக்கு, எனக்கு ஏலாது என்ற சொல்லும் வாயில் வரவில்லை. என்னிடம் இருந்த சொல் ஒன்றே ஒன்று. ஃபீவர்.

"கோச், மை சன் ஃபீவர்" என்றேன்.

"ஓ, அம்மா. பிக் ஃபீவர்?"

பெரிய காய்ச்சல் என்றால் அவர் அன்றைக்கே சூப் காய்ச்சிக்கொண்டு வந்து நிற்பார், அப்படியும் செய்கிறவர். அதோடு, வருத்தத்தைப் பெரிதாகச் சொல்லக்கூடாது, வாயால் சொன்னால் பலித்துவிடும் என்று வளர்ந்தவள் நான். நாங்கள் எப்போதும், சின்னக் காய்ச்சல்தான், நாளைக்குச் சுகமாகிவிடும் என்றுதான் சொல்லுவோம். என் வாய் அதையே சொன்னது.

"ஸ்மோல். டுமாரோ ஓகே."

"ஓகே, அம்மா. ஐ வெயிட் ஃபோர் ஹிம்."

அவ்வளவுதான் கதை. போனை வைத்துவிட்டு உடுப்புகளை எடுத்து மடித்தேன். காத்திருப்பேன் என்று அவர் சொன்னது எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று இன்றைக்கு எழுதலாம், எழுதினால் பொய். விளங்கியது. நாளைக்கு ஆள் வராவிட்டால் வேறு ஒழுங்கு பார்ப்பார்தானே என்று விட்டுவிட்டேன். மாலையில் மகன் வந்து, "எல்லாம் சொன்னீங்களோ?" என்று கேட்டான். "ஓம், சொன்னன்." "என்னவாம்?" "ஓகே எண்டவர்."

சனிக்கிழமை பின்னேரம் கணவருக்குக் கடைக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, மருமகளையும் குழந்தையையும் அவரோடு விட்டுவிட்டு, டூங்கபி ஸ்டேசனுக்குப் பக்கத்தில் காரை நிற்பாட்டினோம். மகன் போனை ஸ்டேரிங்கில் சாய்த்து வைத்தான். அங்கே காலை. பந்தலில் வாழை கட்டியிருந்தது. படம் நின்று நின்று ஓடியது. ஐயர் கை தூக்கினால் தூக்கியபடியே நிற்கும், பிறகு திடீரென்று எல்லாரும் வேறு இடத்தில் நிற்பார்கள். என் மகன் சித்தப்பனின் முகத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். வெளியே ரெயினில் இருந்து இறங்கியவர்கள் எங்களை எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும். அந்தப் படத்துக்கு மேலே கோச்சின் பெயர் வந்தது. போன் அதிர்ந்தது.

"கோச் எடுக்கிறார்" என்றான் மகன். "இந்த நேரத்தில ஏன்?"

"துக்கம் கேக்கத்தான் எடுப்பார். கட் பண்ணு. பேந்து கதைக்கலாம்."

அவன் கட் பண்ணினான். பெட்டியை மூடுகிற நேரம் அது.

அன்று நடந்ததைப் பிறகு ஒருவர் எடுத்த வீடியோவில் ஒருமுறை பார்த்தேன். கோச் தன் பழைய சட்டையைப் போட்டிருந்தார். அது வயிற்றில் இறுகி நின்றது. வலது ஓரத்தில் குனிந்து நிற்கிறார். மற்றப் பக்கத்துப் பொடியன், இருபது வயது இருக்கும், பந்தை அணைத்துக்கொண்டு அவரைச் சுற்றி ஓட வருகிறான். கோச் இரண்டு எட்டு வெளியே வைத்து, காலை ஊன்றி, அவனை மறித்துவிட்டார். போகவிடவில்லை. உள்ளே திருப்பிவிட்டார். அதற்குள் பின்னால் இருந்து வந்த இன்னொருவன் தடக்கி, ஊன்றியிருந்த அந்தக் காலின் மேல் முழுப் பாரத்தோடு விழுந்தான். முழங்கால் போகக்கூடாத பக்கமாகப் போனது. வீடியோவில் சத்தம் இருந்தது. நான் இரண்டாம் தரம் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் வீட்டுப் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் இருந்து கோச். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்:

"அம்மா, ஃபீவர் கோன்?"

"கோன்" என்றேன்.

"குட், குட்." பிறகு ஆறுதலாக, எனக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக வைத்துச் சொன்னார். மகனைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். வருத்தம் என்றால் வருத்தம்தானே. அதற்கு யாரும் குற்றவாளி இல்லை.

அந்தச் சொல்லை நான் மகனிடம் கொடுக்கவில்லை. கொடுத்தால் எந்தக் காய்ச்சல் என்று கேட்பான்.

அவரைப் பார்க்க மகன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானும் கூடப் போனேன். அன்பினால் என்று அவன் நினைத்தான். நான் போனது அவனைத் தனியாக விடப் பயந்து. கோச் கால் முழுக்க இரும்பு வைத்துக் கட்டிப் படுத்திருந்தார். மகனின் கையைப் பிடித்து, "ஆர் யூ பெட்டர் நவ்?" என்று கேட்டார். மகனுக்குச் சித்தப்பனின் நினைவு வந்து கண் கலங்கிவிட்டது. "பெட்டர், கோச்" என்றான். அவர் காய்ச்சலைக் கேட்டார், இவன் சாவுக்குப் பதில் சொன்னான். இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சூப் வாளியைத் திறந்து, "ஈட், கோச், ஈட்" என்று கதையை மாற்றினேன். அவர் என் சொல்லுக்கு மரியாதை கொடுத்துச் சாப்பிட்டார்.

திரும்பி வரும்போது காரில் மகன் சொன்னான், "பஸ் ஓட்டுறவரைக் கூப்பிட்டிருக்கலாம் அம்மா. முழுசா ஒரு நாள் இருந்தது. ஏன் கூப்பிடேல்லை? வீறாப்பு. தான் இன்னும் விளையாடுவன் எண்டு பொடியளுக்குக் காட்ட வேணும்." நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த நேரம் வாயைத் திறந்திருந்தால் ஒரு கிழமைக் கோபத்தோடு போயிருக்கும்.

கோச்சுக்கு அந்தக் கால் பிறகு மடங்கவில்லை. ரயர் வேலை குந்தி எழும்புகிற வேலை, அது போனது. பயிற்சிக்கும் வருவதில்லை. அடுத்த வருடம் ஆள் சேராமல் அணியும் கலைந்துவிட்டது. அவர் மகளோடு மெல்பேர்னுக்குப் போய்விட்டார். போக முதல் எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் தடியை ஊன்றி நின்றுகொண்டே ஒரு வடை தின்றுவிட்டுப் போனார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவரைப் பார்க்கப் போகாத மகன் அன்றைக்கும் வேலை என்று சொல்லி வெளியே நின்றுவிட்டான்.

கணவருக்குத் தம்பியின் செய்தியை மூன்று மாதம் கழித்துச் சொன்னோம். டொக்டரைக் கேட்டு, நெஞ்சு வலிக்காமல் இருக்க மாத்திரை கொடுத்து, பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்று சொன்னோம். அவர் அதிர்ச்சி அடையவில்லை. "என்ர தம்பிக்கு என்னை அழ விடேல்லை நீங்கள்" என்றார். பிறகு எழும்பிப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தார். அதற்குப் பிறகு உயிரோடு இருந்த அஞ்சு வருடத்தில் அதைப் பற்றி இரண்டாம் தரம் கதைக்கவில்லை. யாருக்காக நான் ஒளித்தேனோ அவரும் எனக்கு அதற்கு நன்றி சொல்லவில்லை.

அவரும் கண்ணை மூடிய அன்றைக்குக் கோச்சுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. செத்தவீட்டன்று காலையில், பிரேதம் வீட்டுக்கு வந்து கிடக்கிற நேரம், வாசலில் வெளிச்சம் குறைந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கறுப்பு உடுத்தி, இடுப்பில் பாய் கட்டி, தடியோடு கோச் நின்றார். அந்த மடங்காத காலை நீட்டி வைத்துக்கொண்டு மெல்பேர்னிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். பின்னால் பழைய அணியில் ஏழு எட்டுப் பேர், எல்லாருக்கும் வயிறு வைத்திருந்தது. என்னிடம் கேட்டார், "அம்மா, ஓகே?" நான் தலையை ஆட்டினேன். பாடினார்கள். எங்கள் ஆட்கள் அழுகையை நிற்பாட்டிவிட்டுப் பார்த்தார்கள். ஐயர்கூடக் கையில் தர்ப்பையோடு பேசாமல் நின்றார். நான் பயந்து பயந்து ஒரு காலத்தில் தடுத்த அந்தப் பாட்டு இதுதான். அது யாரையும் கொல்லுகிற பாட்டு இல்லை. கேட்டிருந்தால் என் கணவர் தன் தம்பிக்காக அழுதிருப்பார், அவ்வளவுதான் நடந்திருக்கும்.

பாடி முடிய மகன் போய் அவருக்குக் கை கொடுத்தான். தூரத்து உறவுக்காரருக்குக் கொடுப்பது போல. கோச் அவனை இழுத்து அணைத்துக்கொண்டார். மகனின் கைகள் இரண்டும் கீழே தொங்கியபடி இருந்ததை நான் பார்த்தேன். அன்றைக்கும் சொல்லியிருக்கலாம். புருஷன் கிடக்கிற இடத்தில் இதையா சொல்லுவது என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டேன். சாட்டுக்கு எனக்கு எப்போதும் பஞ்சமில்லை.

இப்போது அவரும் இல்லை. அவருடைய மகள், தகப்பனிடம் விளையாடினவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், ஒரு புத்தகமாகக் கட்டிப் பேரப்பிள்ளைகளுக்கு வைக்கப்போகிறேன் என்று கேட்டிருக்கிறாள். என் மகனும் எழுதினான். எழுதி மேசையில் வைத்திருந்ததை என் பேத்தி, அந்த நாள் மடியில் இருந்த குழந்தை, இப்போது என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள், எனக்குத் தமிழில் சொன்னாள். நல்ல மனிதர், எல்லாருக்கும் தகப்பன் போல இருந்தவர் என்று தொடங்கியிருக்கிறான். பிறகு, ஆனால் பிடிவாதக்காரர், நான் வரமாட்டேன் என்று ஒரு நாள் முன்பே தெரிந்தும் வேறு ஆளைக் கூப்பிடாமல் தானே இறங்கினார், அந்தப் பெருமைதான் அவருடைய காலை எடுத்தது என்று எழுதியிருக்கிறான்.

"அப்பம்மா, இட்ஸ் எ பிட் மீன், இல்லையா?" என்று பேத்தி கேட்டாள், அப்படி எழுதுவது கொஞ்சம் கொடுமை இல்லையா என்று.

அவளுடைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று தா என்று வாங்கினேன். அந்தப் பேரப்பிள்ளைகள் தங்கள் தாத்தா பெருமைக்காகக் கால் இழந்தவர் என்று வாசிக்கப் போகிறார்கள். பெருமைதான். ஆனால் அவருடையது அல்ல. அவருக்கு ஒரு நாள் முன்பு ஒன்றும் தெரியாது. என் மகன் வருவான் என்று நம்பி மூன்று மணிக்குப் பத்து நிமிடம் வரை அந்த இடத்தை அவனுக்காகப் பிடித்து வைத்திருந்தார். நாளைக்கு ஓகே என்று சொன்னது நான். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள் நான். கேட்க வேண்டியவரும் போய்விட்டார். இனி என்னால் முடிந்தது, அவர் மேல் விழுந்த சொல்லை எடுத்து என் மேல் வைப்பது ஒன்றுதான்.

இதை எழுத ஒன்பது நாள் ஆனது. மகன் நாளைக்குத் தன் கடிதத்தைத் தபாலில் போடப்போகிறான். இப்போது ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், பின்வளவில் புல் வெட்டிக்கொண்டிருக்கிறான், மிசின் சத்தம் கேட்கிறது.

பிள்ளை, இஞ்ச வா. இந்தக் கொப்பியைப் பிடி. எழுத்து கோணலா இருக்கும், உனக்கு விளங்கும். முதல் பக்கத்தில இருந்து சத்தமா வாசி, நான் கேக்கிறன். பொறு, பொறு, இப்ப தொடங்காதை. முதல்ல போய் அப்பாவை மிசினை நிப்பாட்டச் சொல்லு. உள்ள வந்து இருக்கச் சொல்லு. அவன் இருந்த பிறகு வாசி.